பாட்டுக்கு ஓர் உறை

சென்ற ஆண்டு தசரா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். தமிழ் வகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கியபடியே என் மேசையருகே வந்து நின்றாள். தென்காசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவளுடைய ஆச்சி போபாலுக்கு வந்திருந்தார். விடுமுறை நாள்களில் ஆச்சி பாடிய தாலாட்டுகளையும் நடவுப் பாட்டுகளையும் அவள் தன் தந்தையின் அலைபேசியில் பதிவு செய்திருந்தாள். மொத்தம் ஆறு பாட்டுகள். அவற்றை ஒரு தொகுப்பாக்கி ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவள் விருப்பம்.

பாட்டுக் கோப்பைத் திறந்தால் படம் இருக்க வேண்டிய சதுரத்தில் சாம்பல் நிற இசைக்குறி ஒன்றே தெரிந்தது. எனவே ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து, இணையத்தில் கிடைத்த கருவி ஒன்றைக் கொண்டு அவளே அட்டைப்படம் ஒன்றை உருவாக்கினாள். மாலைச் சூரியன், கடற்கரை, ஒரு கித்தார், அதன்மேல் சாய்ந்த ஆங்கில எழுத்துகள். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. காலையில் ஆச்சியிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தாயி. இது யாரு பாடுன பாட்டு?" என்று கேட்டாராம்.

"அது தன் பாட்டுன்னே ஆச்சிக்குத் தெரியலை மேம்" என்றாள் அவள். சொல்லும்போது குரல் கம்மியது.

மாணவர்களே, அன்று தொடங்கி மூன்று வாரங்கள் எங்கள் தமிழ் வகுப்பும் கணினி ஆய்வகமும் அந்தச் சதுரத்தைச் சுற்றியே இயங்கின. இசைத்தொகுப்பின் அட்டைப்படத்தை நாமே எவ்வாறு வடிவமைப்பது, அதற்கு என்னென்ன கருவிகள் தேவை என்பவற்றை அந்த மூன்று வாரங்களில் நாங்கள் கற்ற வழியிலேயே இப்பாடம் விளக்குகிறது.

முதலில் 'உறை' என்னும் சொல்லைக் காண்போம். வாளுக்கு உறை உண்டு. தலையணைக்கு உறை உண்டு. கடிதத்திற்கும் உறை உண்டு. உள்ளே இருப்பதைக் காப்பதே உறையின் முதல் வேலை. இசைத்தட்டின் உறையும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அக்காலத்து அரக்கு இசைத்தட்டு கைதவறினால் உடைந்துவிடும். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடப் பாட்டே அடங்கும். நீண்ட இசையைக் கேட்க வேண்டுமெனில் பல தட்டுகள் வேண்டும். அவற்றைத் தடித்த அட்டைக்குள் ஏடுகள் போலக் கோத்து விற்றனர். புகைப்படங்களை ஒட்டிவைக்கும் தொகுப்பேட்டைப் போல அது தோன்றியதால் அதனையும் 'ஆல்பம்' என்றே அழைத்தனர். இன்று தாளும் இல்லை, அட்டையும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த ஆல்பங்களின் வெளிப்புறம் பெரும்பாலும் பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், பெயர் மட்டும் பொறிக்கப்பட்டதாய் இருந்தது. 1939 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. உள்ளே இருக்கும் இசையை வெளியே கண்ணுக்குக் காட்டினால் என்ன என்று அவர் நினைத்தார். ரோஜர்ஸ், ஹார்ட் என்னும் இருவர் இயற்றிய பாடல்களின் தொகுப்புக்கு அவர் செய்த உறையே படத்துடன் வந்த முதல் இசைத்தொகுப்பு உறை எனப் போற்றப்படுகிறது. அதை அவர் செய்த விதம் சுவையானது. நியூயார்க் நகரத்து நாடக அரங்கு ஒன்றின் முகப்பில் விளக்கொளியில் மின்னும் பெயர்ப்பலகை இருந்தது. அரங்கின் உரிமையாளரிடம் பேசி, பலகையிலுள்ள எழுத்துகளைச் சிறிது நேரம் மாற்றி, தொகுப்பின் பெயரை அதில் பொருத்தச் செய்து, அதைப் புகைப்படம் எடுத்தார். அக்காலத்தில் கணினி இல்லை. ஏணியும் விளக்கும் புகைப்படக் கருவியும் வாய்ப்பேச்சுமே அவருடைய கருவிகள்.

பின்னர் 1948 ஆம் ஆண்டில் நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு வந்தது. அதன் குறுக்களவு 12 அங்குலம். உறை அதைவிடச் சற்றுப் பெரியது. சுவரில் மாட்டிவைக்கத்தக்க ஓவியத்தின் அளவு அது. அதன்பின் உறை சுருங்கிக்கொண்டே வந்தது. 1963 இல் அறிமுகமான ஒலிநாடாப் பேழைக்குள் மடித்து வைக்கும் அட்டை உள்ளங்கைக்குள் அடங்கும். 1982 இல் விற்பனைக்கு வந்த குறுவட்டின் முன்தாள் ஏறத்தாழ 12 செ.மீ. சதுரம்.

ஒலிநாடா என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. என் பள்ளிப்பருவத்தில் எங்கள் ஊரில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், வெற்று நாடாவில் அவற்றைப் பதிந்து இரண்டு நாள் கழித்துத் தருவார்கள். பேழைக்குள் கோடு போட்ட வெள்ளை அட்டை ஒன்று இருக்கும். என் தந்தை நீலமையால் பாட்டின் முதலடிகளை வரிசையாக அதில் எழுதுவார். ஓரத்தில் சிறிய பூவொன்றை வரைய எனக்கு இசைவு தருவார். நான் வடிவமைத்த முதல் உறை அதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். பேனா, அட்டை, பொறுமை ஆகிய மூன்றுமே அதற்குத் தேவைப்பட்டன.

இன்று நீங்கள் பாட்டைக் கேட்கும் அலைபேசித் திரையில் உறையின் அளவு என்ன? அளவுகோல் வைத்துப் பாருங்கள். பாட்டுகளின் பட்டியலில் அது உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஆகவே எங்கள் வகுப்பில் ஒரு விதி செய்துகொண்டோம். அதற்கு 'அஞ்சல்தலைச் சோதனை' என்று பெயரிட்டோம். வரைந்த படத்தை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கி, கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்ன பொருள் என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். அம்மாணவியின் கடற்கரைப் படத்தை இப்படிச் சுருக்கியபோது சூரியன் செம்மஞ்சள் புள்ளியாயிற்று, கித்தார் கரிக்கோடாயிற்று, எழுத்துகள் மறைந்தே போயின.

இனிக் கருவிகளுக்கு வருவோம். கணினியைத் திறப்பதற்கு முன் எடுக்க வேண்டிய கருவி பென்சில். பழைய நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் 12 செ.மீ. சதுரங்கள் வெட்டி, ஒவ்வொருவருக்கும் பத்துத் தந்தேன். ஒரு சதுரத்திற்கு மூன்று நிமிடமே நேரம். அழிப்பான் கூடாது. பத்து வரைந்தால் முதல் ஐந்தும் எங்கோ ஏற்கெனவே பார்த்தவையாக இருக்கும்: இதயம், இசைக்குறி, ஒலிவாங்கி, நிலா, கித்தார். ஆறாவதிலிருந்துதான் சொந்தச் சிந்தனை எட்டிப்பார்க்கும். இது என் பட்டறிவு. மறுப்பவர்கள் முயன்று பார்த்துவிட்டு மறுக்கலாம்.

வரைவதற்குமுன் கேட்க வேண்டிய வினா, 'இந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?' என்பதாகும். பிங்க் ஃபிளாய்டு என்னும் ஆங்கில இசைக்குழுவின் 1973 ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றின் உறையை உங்களில் சிலர் சட்டைகளில்கூடப் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம். ஒருபுறம் நுழையும் வெள்ளொளி மறுபுறம் நிறங்களாகப் பிரிகிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் நீங்கள் வரையப்போகும் அதே படம்தான். முன்புறத்தில் குழுவின் பெயரும் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. கூர்ந்து எண்ணினால் ஏழு நிறங்களுக்குப் பதிலாக ஆறே இருக்கும், கருநீலம் விடுபட்டிருக்கிறது. அறிவியல் தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையும். ஆயினும் அஞ்சல்தலைச் சோதனையில் அது எளிதில் வெற்றி பெறுகிறது. ஒரே பொருள், ஒரே பின்னணி என்பதே காரணம்.

நாங்கள் ஆச்சியின் பாட்டுகளை மீண்டும் மீண்டும் கேட்டோம். மாணவர் பலருக்குச் சொற்கள் விளங்கவில்லை. வீட்டில் பேசும் தமிழும் ஆச்சியின் தமிழும் ஒன்றாக இல்லையே! எனவே ஆச்சியையே கேட்டுவரச் சொன்னேன். வயல்வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை எடுத்துச் சென்று, வரப்பையொட்டிய தோப்பில் மரக்கிளையில் சேலையால் தொட்டில் கட்டி, அதில் உறங்கவைத்துப் பாடியவை அந்தத் தாலாட்டுகள் என்று அவர் சொல்லியனுப்பினார். உறைக்குரிய படம் அந்த விளக்கத்திலேயே இருந்தது. தொகுப்பின் பெயரையும் ஆச்சியே சொன்னார்: சோலைத் தொட்டில்.

படம் வரைய உதவும் மென்பொருள்கள் இருவகைப்படும். முதல்வகை புள்ளிகளால் படம் அமைப்பது. புகைப்படத்தை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறச் சதுரங்கள் தெரியும் அல்லவா? அவற்றைப் பிக்சல் என்கிறோம். கோலத்தில் புள்ளி போல அவற்றை நெருக்கமாக அடுக்கினால் படம் தோன்றும். இரண்டாம் வகை கோடுகளால் அமைப்பது. இங்கே கணினி புள்ளிகளை நினைவில் வைப்பதில்லை. 'இவ்விடத்தில் தொடங்கி, இவ்வளவு வளைந்து, இவ்விடத்தில் முடி' என்னும் கணக்கை வைத்துக்கொள்கிறது. முதல்வகைப் படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டுப் போலச் சிதையும். இரண்டாம் வகையை அஞ்சல்தலையாக்கினாலும் சுவரொட்டியாக்கினாலும் விளிம்பு கூர்மை குன்றாது. புகைப்படத்திற்கு முதல்வகை, எழுத்துக்கும் சின்னத்திற்கும் இரண்டாம் வகை என்று நினைவில் கொள்ளுங்கள்.

புள்ளிவகையில் புகழ்பெற்றது 1990 இல் வெளிவந்த ஃபோட்டோஷாப். அது விலைகொடுத்து வாங்க வேண்டியது. எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தியது கிம்ப் என்னும் இலவச மென்பொருள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் தம் பாடத்திட்டப் பணியாகத் தொடங்கியது அது. 1996 இல் பொதுமக்களுக்குக் கிடைத்தது. வண்ணம் தீட்ட விரும்புவோர்க்குக் கிரிட்டா உண்டு. அதன் பெயர் சுவீடிய மொழியில் வண்ணச் சுண்ணக்கோலைக் குறிக்கும். கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்கள் உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீயைத் திறக்கலாம். கோட்டுவகைக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது, அதுவும் இலவசமே.

கேன்வாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். 2013 இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட அக்கருவி எளிது, விரைவானது. ஆயத்தமான மாதிரிகளில் சொற்களை மாற்றினாலே பத்து நிமிடத்தில் உறை ஆயத்தம். ஆனால் நம் மாணவியின் கித்தாரும் கடற்கரையும் அத்தகைய ஆயத்த மாதிரியிலிருந்து வந்தவைதாம். கருவியைக் குறைசொல்ல மாட்டேன்; வெற்றுச் சதுரத்திலிருந்து தொடங்கினால் அதிலும் நல்ல உறை செய்யலாம். மாதிரியை எடுப்பதற்கு முன் பத்துச் சதுரங்களை வரைந்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எந்த மென்பொருளிலும் 'அடுக்கு' என்னும் கருத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒளி ஊடுருவும் தாள்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாக எண்ணுங்கள். கீழ்த்தாளில் பின்னணி நிறம், நடுத்தாளில் தொட்டில், மேல்தாளில் எழுத்து. எழுத்தை நகர்த்தினால் தொட்டில் நகராது. பின்னணியைப் பச்சையிலிருந்து மஞ்சளாக்கினாலும் எழுத்து அப்படியே இருக்கும்.

இனி, நம் பாடத்தின் கடினமான பகுதி: தமிழ் எழுத்து. போபாலில் வாழும் உங்களுக்கு இந்தி எழுத்தும் தெரியும். இந்தியில் 'கி' என்று எழுதும்போது ஒலியில் ககரம் முந்தி வந்தாலும், இகரக் குறியை எழுத்தின் இடப்பக்கத்தில் போடுகிறீர்கள் அல்லவா? தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் அவ்வாறே இடப்பக்கம் வருகின்றன. ஒகர, ஓகாரக் குறிகளோ எழுத்தின் இருபுறமும் நிற்கின்றன. ஆனால் கணினி தன் நினைவில் எப்போதும் ஒலிக்கும் முறையிலேயே எழுத்துகளைச் சேமிக்கிறது: முதலில் மெய்யின் வடிவம், பிறகு குறி. திரையில் காட்டும்போது குறியை இடம் மாற்றி, உரிய இடத்தில் பொருத்த வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி மென்பொருளில் இல்லாவிட்டாலோ, அதை நாம் இயக்காவிட்டாலோ, கொம்பு பின்னால் போய்விடும். சில இடங்களில் புள்ளி வட்டம் ஒன்றும் தோன்றும். கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் தமிழை இயல்பாகவே சரியாகக் காட்டுகின்றன. ஃபோட்டோஷாப்பில், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், அமைப்புப் பகுதிக்குச் சென்று தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டியிருக்கும்.

'சோலைத் தொட்டில்' என்னும் பெயர் இதைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. சோ, லை, தொ ஆகிய மூன்று எழுத்துகளிலும் குறிகள் இடப்பக்கம் நிற்கின்றன. 'சோ' என்பதன் வலப்பக்கத்துக் கால் மட்டும் காணாமற்போனால் என்ன ஆகும்? எழுதிப் பாருங்கள். சோலை சேலையாகிவிடும்! சேலைத் தொட்டில் என்றாலும் பொருள் இருக்கிறதே என்று ஒரு மாணவன் வாதிட்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் 'தொ' தன் காலை இழந்து 'தெட்டில்' ஆனபோது அவனிடம் விடை இல்லை.

இது வெறும் கற்பனை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் பாடிய தமிழ்ப்பாட்டுகளைக் குறுவட்டாக்கி, அதற்கு நூறு உறைகள் அச்சிடக் கொடுத்தோம். அச்சகத்திலிருந்த கணினியில் நாங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. அங்கிருந்தவர்க்குத் தமிழும் தெரியாது. நூறு உறைகளிலும் கொம்புகள் இடம்மாறி வந்தன. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. திருத்தக்கூடிய நிலையில் கோப்பைத் திறந்தபடியே அனுப்பியது என் தவறு. அச்சுக்குமுன் ஒரு படியை வாங்கிப் பார்க்காததும் என் தவறு. திருத்திய பெயரைச் சிறு தாள்களில் எழுதி மாணவர்களும் நானும் இரண்டு மாலைகள் ஒட்டினோம். சென்னையிலோ மதுரையிலோ என்றால், கடைக்கு வந்துபோகும் எவரேனும் அப்பிழையைச் சுட்டியிருப்பார். இங்கே அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நீங்களும் நானும்தான்.

இத்தகைய விபத்தைத் தடுக்க வழி உண்டு. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தட்டெழுதி முடித்தபின், அதைத் தேர்ந்தெடுத்து, 'ஆப்ஜெக்ட் டு பாத்' என்னும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதன்பின் அது எழுத்தாக இராது. எழுத்தின் வடிவிலமைந்த கோட்டுப்படமாகிவிடும். எந்தக் கணினியில் திறந்தாலும் மாறாது. ஆனால் பிழை இருந்தால் திருத்தவும் முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் இரண்டு பேர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். மூலக்கோப்பைத் தனியே சேமித்துவைக்கவும் வேண்டும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஒருங்குறி முறையில் தமிழுக்கெனத் தனியிடம் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்கள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டமரன் என்னும் எழுத்துரு ஒன்பது தடிமன்களில் இருக்கிறது; நம் கட்டுமரம் ஆங்கிலத்திற்குப் போய்த் திரும்பி வந்த பெயர் அது. பாலூ தம்பி உருண்டு திரண்டது. குழந்தைப் பாட்டுகளுக்கு நன்றாக இருக்கும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவனார், கையால் எழுதியதுபோல் சாய்ந்து நிற்கும். இவற்றைக் கட்டணமின்றி உறைகளில் பயன்படுத்த உரிமம் இடந்தருகிறது. ஓர் உறைக்கு ஓர் எழுத்துரு போதும், மிஞ்சினால் இரண்டு. நான்கைந்தைக் கலந்தால் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளை ஒரே சுவரில் மாட்டியதுபோல் ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் மாணவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் நிறைவளிக்கவில்லை. அப்போது அம்மாணவி ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்தாள். பாட்டுகளின் பெயர்களை ஆச்சி தம் கையால் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. உச்சியில் 'சோலைத் தொட்டில்' என்றிருந்தது. வகுப்பே குனிந்து பார்த்தது. 'லை' என்னும் எழுத்தைப் பெரும்பாலோரால் படிக்க முடியவில்லை. லகரத்தின் முன்னே ஐகாரக் குறி தனியாக இல்லை. யானை துதிக்கையைத் தூக்கியதுபோல ஒரு வளைவு லகரத்தின் தலைமேல் ஒட்டியிருந்தது.

ஆச்சி பிழையாக எழுதவில்லை. அவர் பள்ளியில் படித்த காலத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றை அப்படித்தான் எழுதினர். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவங்கள் இருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் பயன்படுத்திய எளிய வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978 இல் ஏற்று ஆணையிட்டது. நீங்களும் நானும் கற்றவை அந்தப் புதிய வடிவங்கள். ஒரு குடும்பத்திலேயே பாட்டி எழுதும் லையும் பேத்தி எழுதும் லையும் வேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

அந்தத் தாளையே உறையில் வைப்பது என்று மாணவர்கள் முடிவு செய்தார்கள். செய்முறை எளியது. தாளைச் சன்னலோரத்தில், நிழல் விழாத பகலொளியில் வைத்து, நேர்மேலிருந்து அலைபேசியால் படம் எடுக்க வேண்டும். கிம்ப்பில் திறந்து, தாளின் பழுப்பு வெள்ளையாகவும் மை முழுக் கறுப்பாகவும் மாறும்வரை ஒளிவேறுபாட்டைக் கூட்ட வேண்டும். பிறகு இங்க்ஸ்கேப்பில் 'டிரேஸ் பிட்மேப்' என்னும் கட்டளை கொடுத்தால், மையெழுத்து கோட்டுப்படமாகிவிடும். வேண்டிய அளவுக்கு அதைப் பெரிதாக்கலாம். வேண்டிய நிறம் ஏற்றலாம். மை கசிந்த இடத்தைச் சுத்தம் செய்யலாமா என்று ஒருவன் கேட்டான். வேண்டா என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே தொடக்கத்தில் விளம்பர நிறுவனத்திலும் நூல் அட்டை வடிவமைப்பிலும் பணியாற்றியவர். வங்காள எழுத்துகளைக் கையாலேயே வரைந்து அட்டைகளையும் சுவரொட்டிகளையும் செய்தவர். எழுத்துரு கிடைக்காதபோது எழுத்தை வரைவது இந்நாட்டில் பழைய வழக்கம்தான்.

படத்திற்கு வருவோம். இணையத்தில் தேடினால் தொட்டில் படங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அவற்றை எடுத்து ஒட்டலாமா? கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்பட்ட புகைப்படத்துக்கு அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. எடுத்தவர் இசைவளித்திருந்தாலோ, பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியிட்டிருந்தாலோ அன்றி நாம் பயன்படுத்தலாகாது. சொற்களைக் கொடுத்தால் படம் ஆக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் சிலர் முயன்றார்கள். வந்த படத்தில் மரத்தொட்டில் ஒன்று ஐரோப்பிய வீட்டுக்குள் இருந்தது. தமிழ் என்று அது எழுதிய எழுத்து எந்த மொழியும் அன்று. வகுப்பு நன்றாகச் சிரித்தது.

இறுதியில் குடியிருப்பு வளாகத்து வேப்பமரத்தில் ஆச்சியே வந்து, கட்டம் போட்ட தம் பழைய நூல்சேலையால் தொட்டில் கட்டிக் காட்டினார். முடிச்சு எங்கே விழ வேண்டும், துணி எவ்வளவு தாழ வேண்டும் என்பதை மாணவர்கள் அன்றுதான் கண்டார்கள். காலை எட்டு மணிக்குள் படம் எடுத்தோம். உச்சி வெயிலில் நிழல் கடுமையாகிவிடும். ஆச்சியின் முகத்தையும் சேர்க்கலாம் என்று பேத்தி விரும்பினாள். ஆச்சி மறுத்துவிட்டார். கையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டு அவருடையது, முகமும் அவருடையது, ஆகவே அவர் சொல்லே முடிவு. தொட்டிலின் விளிம்பைப் பற்றிய கை மட்டும் படத்தில் இருக்கிறது.

நிறங்களைப் பற்றி ஒரு குறிப்பு. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சகம் வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைக் கலக்கிறது. ஆகையால் திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் சற்று மங்கும். எழுத்து பின்னணியில் தெளிவாகத் தெரிகிறதா என்பதை அறிய, படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை மாற்ற வேண்டும்.

கடைசியாக அளவு. இணையத்தில் பாட்டு வெளியிடும் தளங்களுக்கு 3000 பிக்சல் நீளமும் 3000 பிக்சல் அகலமும் உள்ள சதுரப்படம் போதுமானது. அதாவது 90 லட்சம் புள்ளிகள். அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது வழக்கம். அவ்வாறாயின் 3000 பிக்சல் படத்தைப் 10 அங்குல அளவுக்குத் தெளிவாக அச்சிடலாம். குறுவட்டு உறைக்கு அதில் பாதியே போதும். நெடுநேர இசைத்தட்டின் உறைக்குப் போதாது; எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

உறை முடிந்த அன்று மாலை மாணவி அதைப் பாட்டுக் கோப்புகளில் இணைத்து, ஆச்சியின் கையில் அலைபேசியைக் கொடுத்தாளாம். இம்முறை அவர் கண்ணாடியைத் தேடவில்லை. "சேலையைக் கொஞ்சம் தாழக் கட்டியிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தென்காசியிலிருக்கும் தம் தங்கைக்கு முதலில் அனுப்பச் சொன்னாராம்.

செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லி, அவர் இசைவுடன் பதிவு செய்க. அப்பாட்டு எங்கே, எப்போது, யாருக்காகப் பாடப்பட்டது என்று அவரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக. பத்துச் சதுரங்கள் வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க. பாட்டின் பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்குக. அவர் எழுத்தில் உங்கள் எழுத்தினின்று வேறுபட்ட வடிவம் ஏதேனும் இருப்பின், இரண்டையும் அருகருகே எழுதி வகுப்பில் காட்டுக.